உறுப்பினர் எண் 412

வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய ஒரு தெருவில், பாத்திரக்கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது அந்த வாடகை லைப்ரரி. பாத்திரக்கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவே ஒரு ஆள் மட்டும் நுழைகிற சந்து. அதில் பதினேழு படி. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாது. எங்கள் வீட்டில் அதற்கு மாடி லைப்ரரி என்றுதான் பெயர். 1994இலிருந்து நான் அங்கே உறுப்பினர். எண் 412. அந்த எண் எனக்கு மட்டும் இல்லை, எங்க அக்காவுக்கும் சேர்த்து. இரண்டு பேருக்கும் ஒரே அட்டை.

நான் சத்துவாச்சாரியில் ஜாக்கெட் தைக்கிறேன். போன மாதம் அளவு கொடுக்க வந்த ஒரு காலேஜ் பொண்ணு, "ஆண்ட்டி, அக்கா தங்கச்சி கதையா நல்லதா நாலு சொல்லுங்களேன், போன்ல படிக்கிறதெல்லாம் ஒரே மாதிரி கீது" என்றாள். நாலு பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் இந்த மாதிரிக் கதைகளில் எதை எப்போது படிக்கவேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இந்தக் கடையில் இருக்கிறார். அதனால் கடையைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

முதலில் விவரம். முன்பணம் 500 ரூபாய், விலகும்போது திருப்பித் தந்துவிடுகிறார்கள். வாடகை, புத்தக விலையில் நூற்றுக்குப் பத்து. 250 ரூபாய் புத்தகம் என்றால் 25. பத்து நாள் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் நாளுக்கு இரண்டு ரூபாய். ஒரு தடவைக்கு மூன்று புத்தகம். காலை பத்தரையிலிருந்து ஒன்றரை, சாயந்திரம் நாலரையிலிருந்து எட்டு. ஞாயிறு காலை மட்டும். நாங்கள் சேர்ந்த காலத்தில் முன்பணம் 30 ரூபாய், மாத நாவலுக்கு வாடகை ஒரு ரூபாய்.

கம்ப்யூட்டர் கிடையாது. நீளமான கணக்கு நோட்டுதான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பக்கம், எடுத்த தேதி, கொடுத்த தேதி, புத்தகத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்து. ஒவ்வொரு புத்தகத்திலும் 33ஆம் பக்கத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். அதில் இன்றைக்கும் "வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்" என்றுதான் விழுகிறது. 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது வைத்த பெயர். அப்புறம் அது வேலூர் மாவட்டம் ஆனது. 2019இல் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனித்தனியாகப் போய்விட்டன. ஸ்டாம்ப் அதேதான்.

கடையை நடத்துவது ஒரு அம்மா. எழுபதைத் தாண்டியவர். அவர் வீட்டுக்காரர் ஆரம்பித்த கடை, அவருக்கப்புறம் இவர். ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்குவது எல்லாம் இங்கே கிடையாது. கதையின் குணத்தைப் பார்த்து அடுக்குவார். பலகை விளிம்பில் சாக்பீஸில் எழுதியிருக்கும்: மாமியார், வேலைக்குப் போறவ, கட்டாயக் கல்யாணம், அழுகை அதிகம், சிரிச்சிட்டே படிக்கலாம். ஜன்னலுக்குக் கீழே இரண்டு தட்டு முழுக்க "கூடப் பொறந்தது". நான் முப்பது வருஷமாக உட்கார்ந்திருப்பது அந்தத் தட்டுக்குப் பக்கத்தில்தான்.

நாங்கள் இந்தக் கதைகளுக்குள் வந்த விதத்தைச் சொன்னால்தான் நான் எதை நல்ல கதை என்கிறேன் என்பது புரியும். எங்க அம்மா பீடி சுற்றினார்கள். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டில் அதுதான் வேலை. இலையை நனைத்து, தகட்டை வைத்து நறுக்கி, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, முனையை மடக்கவேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நாங்களும் உட்காரவேண்டும். அக்காவுக்கு நல்ல குரல். மத்தியானம் நாலைந்து பெண்கள் திண்ணையில் கூடினால் அக்கா நாவலை எடுத்துச் சத்தமாகப் படிப்பாள். அவள் படிக்கிற நேரத்துக்கு அவள் பங்கு பீடியையும் நான் சுற்றவேண்டும், அதுதான் எங்களுக்குள் பேச்சு. எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஒரு அத்தியாயத்துக்கு நூறு பீடி ஓடிவிடும். கதாநாயகி அழுகிற இடத்தில் அக்கா நிறுத்தி மூச்சு வாங்குவாள். எல்லோரும் கையை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார்கள். படித்து நிறுத்திய இடத்தில் பீடி கட்டுகிற சிவப்பு நூலில் ஒரு துண்டைக் கிள்ளி வைப்பாள்.

அந்தப் பெண்களுக்குப் பிடித்ததெல்லாம் அக்கா தங்கை கதை. காரணம் யோசிக்கவே வேண்டாம். அக்காவுக்கு முடியாமல் தங்கைக்கு முடிக்கமாட்டார்கள். அக்காவுக்கு ஒரு வரன் தட்டிப்போனால் தங்கைக்கும் இரண்டு வருஷம் போகும். ஒரே பாயில் படுத்து, ஒரே தாவணியை மாற்றிக் கட்டி, ஒரே சீப்பில் தலை வாரியவர்கள், கல்யாணப் பேச்சு வந்த நாளிலிருந்து ஒருத்திக்கு ஒருத்தி தடையாக ஆகிவிடுவார்கள். எழுதுகிறவர்கள் வெளியிலிருந்து எதையும் கொண்டுவரத் தேவையில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

சரி, அந்த இரண்டு தட்டில் இருப்பதைப் பார்ப்போம்.

பாதிக்கு மேல், மணையில் ஆள் மாறுகிற கதை. கல்யாணத்தன்று விடிகாலையில் அக்கா கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவாள். மண்டபம் முழுக்க ஆட்கள். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். தங்கையைக் கூப்பிட்டு மணையில் உட்கார வைப்பார்கள். மாப்பிள்ளைக்குக் கோபம், தங்கை வாயைத் திறக்கமாட்டாள். அப்புறம் இருநூறு பக்கத்தில் கோபம் காதலாக மாறும். இன்றைக்குப் போனில் தினம் ஒரு எபி, அதாவது ஒரு அத்தியாயம், என்று எழுதுகிறவர்களும் இதைத்தான் அதிகம் எழுதுகிறார்கள், அவையே பிறகு கெட்டிப் புத்தகமாக இந்தத் தட்டுக்கும் வந்துவிடுகின்றன. எனக்கு இந்த வகையில் ஒரு பெரிய குறை உண்டு. ஓடிப்போன அக்கா எங்கே போனாள், பஸ்ஸுக்குக் காசு வைத்திருந்தாளா, அன்று ராத்திரி எங்கே படுத்தாள் என்று யாரும் எழுதுவதில்லை. முப்பதாம் அத்தியாயத்தில் திடீரென்று திரும்பி வருவாள், வந்ததும் தங்கையின் புருஷன்மேல் கண் வைப்பாள். ஓடிப்போனவள் என்றால் கெட்டவள்தான் என்று முடித்துவிடுகிறார்கள். அந்த வீட்டில் அதுவரைக்கும் அவள் தங்கைக்குத் தலை பின்னிவிட்டவள் இல்லையா? கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள்? அந்த ஒரு ராத்திரியை எழுதியிருக்கிறாரா என்று பார்த்தே நான் புத்தகத்தை எடுப்பேன். எழுதியவை ஆறோ ஏழோதான் தேறும். கடைக்காரம்மாவிடம், "முந்தின ராத்திரி இருக்கிற கதை கொடுங்கம்மா" என்று கேட்டால் போதும், எடுத்துத் தந்துவிடுவார்.

அடுத்தது அக்கா இறந்து, குழந்தைக்காக மாமாவைக் கட்டிக்கொள்கிற கதை. இதை இந்தக் காலத்துப் பெண்கள் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார்கள். நான் தள்ளமாட்டேன். எங்க ஆயா அவங்க சொந்த அக்கா புருஷனுக்கே இரண்டாவதாக வாழ்க்கைப்பட்டவர். அக்கா உயிரோடு இருக்கும்போதே, பிள்ளை இல்லை என்று. 1955இல் இந்து திருமணச் சட்டம் வருவதற்கு முந்தின காலம் அது. பெரிய ஆயா போனபிறகும் எங்க ஆயா அடுப்படியில் அவர் உட்கார்ந்த பலகையில் உட்காரமாட்டார். அதைப் பார்த்து வளர்ந்ததால், சுவரில் மாலை போட்ட போட்டோவுக்கு எதிரில் ஒரு பெண் குடித்தனம் நடத்துவது என்னவென்று எனக்குத் தெரியும். உயிரோடு இருக்கிறவளோடு சண்டை போடலாம், சமாதானம் ஆகலாம். போட்டோவோடு ஒன்றும் முடியாது. இந்த வகையில் ஒரு பழைய மாத நாவல் இருக்கிறது, முன்னட்டை போய்விட்டதால் பெயர் தெரியாது. அதில் தங்கை பீரோவைத் திறந்து அக்காவின் புடவை ஒன்றை எடுத்துக் கட்டுவாள். குழந்தை ஓடிவந்து முந்தானையை முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடும். அவ்வளவுதான் அந்த அத்தியாயம், இரண்டே பக்கம். எத்தனை தடவை படித்தாலும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத்தான் மேலே போவேன்.

மூன்றாவது வகை எனக்குப் பிடிக்காதது, அதையும் சொல்லியாக வேண்டும். கதாநாயகியின் அண்ணன் கதாநாயகனின் தங்கையை ஏமாற்றிவிடுவான். அதற்குப் பழிவாங்க இவன் அவளைக் கட்டாயமாகத் தாலி கட்டி இழுத்துக்கொண்டு போவான். ஆன்டி ஹீரோ என்கிறார்கள். அடிப்பான், பூட்டி வைப்பான், கடைசியில் "என் தங்கச்சிமேல வெச்ச பாசம்" என்று ஒரு வரி. தங்கைமேல் பாசம் இருக்கிறவனுக்கு இன்னொருத்தன் தங்கையைப் பார்க்கும்போது கை எப்படி ஓங்கும்? பாசத்தைக் காரணம் காட்டி அடியை நியாயப்படுத்துகிற கதை எவ்வளவு நன்றாக ஓடினாலும் எனக்கு வேண்டாம். இந்தப் புத்தகங்கள் கடையில் இல்லாமல் இல்லை, கேட்கிறவர்கள் நிறைய. ஆனால் சின்னப் பெண்கள் எடுத்தால் கடைக்காரம்மா நோட்டில் எழுதுவதற்கு முன்னால், "இதுல அடிக்கிறான் பாப்பா, படிக்கிறியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார். சிலர் வைத்துவிட்டு வேறு எடுப்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

அண்ணன் தம்பி கதைகள் கொஞ்சம்தான். பெரும்பாலும் சொத்துச் சண்டையில் போய் முடிந்துவிடும்.

அப்புறம், இரண்டு பேரும் ஒருவனையே விரும்புகிற கதை. இது நம்ம ஊருக்குப் புதிது இல்லை. வள்ளிமலை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, காட்பாடியைத் தாண்டிப் பொன்னை போகிற பக்கம். வள்ளியும் தெய்வானையும் முன்பிறவியில் அக்கா தங்கை என்பது கந்தபுராணம். திருமாலின் மகள்கள், அமுதவல்லி, சுந்தரவல்லி. இரண்டு பேரும் முருகனையே நினைத்துத் தவம் இருந்தார்கள். ஒருத்தி இந்திரன் வீட்டில் வளர்ந்து தெய்வானை ஆனாள், இன்னொருத்தி வள்ளிமலையில் வேடர் வீட்டில் வளர்ந்து தினைப்புனம் காத்தாள். முருகன் வள்ளியைக் கட்டி அழைத்துக்கொண்டு போனபோது தெய்வானை அவளைக் கட்டித் தழுவி ஏற்றுக்கொண்டாள் என்றுதான் புராணம் முடிக்கிறது. ஜனங்கள் அதோடு விடவில்லை. வள்ளி தெய்வானை ஏசல் என்று தனியாகப் பாட்டுக் கட்டினார்கள். அதில் மூத்தவள் இளையவளைக் குறத்தி என்று ஏசுவாள், இளையவள் பதிலுக்குப் பதில் கொடுப்பாள். வள்ளிமலை மாசித் தேருக்கு ஆயாவோடு போனபோது தேர் மலையைச் சுற்றி வருகிற வழியில் ஆயா அதை முணுமுணுத்துக்கொண்டே நடந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கட்டித் தழுவியதைப் பாடவில்லை, ஏசலைத்தான் பாடினார். சண்டை போடாமல் வந்த சமாதானத்தை அவரால் நம்ப முடியவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

நாவல் எழுதுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். ஒருத்தி தியாகம் செய்வாள், இன்னொருத்திக்குக் கல்யாணம் நடக்கும், தியாகம் செய்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரத்தி எடுப்பாள். ஏசலே கிடையாது. அவனை இழந்த வருத்தத்தைப் பத்துப் பக்கம் எழுதுவார்கள். கூடப் பிறந்தவளை இழந்ததை எழுதமாட்டார்கள். இத்தனை வருஷம் படித்ததில் எனக்குத் தெரிந்தது இது: அக்கா தங்கை காதல் கதையில் உடைகிற மனசு காதலனால் உடைவது இல்லை. அவன் போனால் இன்னொருவன் வருவான். அக்கா போனால் அந்த இடத்தில் உட்கார ஆள் கிடையாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

1997இல் ஆற்காட்டிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அக்கா காபி கொடுத்தாள். நான் உள்ளேயிருந்து பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான் நான் செய்தது. அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. அன்று ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு, "பல்லு அழகா இருந்துச்சு இல்ல?" என்று என்னிடம் கேட்டாள். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்தார். வாசலில் நின்றபடியே, "சின்னதைக் கேக்கறாங்க" என்றார். நைனா உடனே முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு அந்த ஆள் முகம்கூட ஞாபகம் இல்லை. ஆனால் தரகர் சொன்னதை அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. திட்டவில்லை, அழவில்லை. பேசவில்லை. தட்டு எடுத்து வைப்பாள், பாயைப் போடுவாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். திண்ணையில் படிப்பதையும் நிறுத்திவிட்டாள். ஆறு மாதத்தில் குடியாத்தத்தில் வரன் அமைந்து போய்விட்டாள். அவள் கல்யாணத்தில் அவளுக்குப் பூ வைத்துவிட்டது நான்தான். அப்போதும் பேசவில்லை.

இதற்கு நடுவில் மாடி லைப்ரரி அட்டை மட்டும் ஒன்றாகவே இருந்தது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அக்கா அம்மாவைப் பார்க்க வருவாள். நான் அன்றைக்குத் தையல் வகுப்புக்குப் போயிருப்பேன், அது தெரிந்தே வருவாள். திரும்பும்போது லைப்ரரிக்குப் போய்ப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு குடியாத்தம் பஸ் ஏறிவிடுவாள். திங்கட்கிழமை நான் போனால் கடைக்காரம்மா, "412, பெரியவ சனிக்கிழமை வந்தா, இதைக் கொடுத்துட்டுப் போனா" என்று அவள் திருப்பிக் கொடுத்த புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைப்பார். தட்டில் அடுக்கமாட்டார், எனக்காக மேசையில் வைத்திருப்பார். அதை நான் எடுத்துக்கொண்டு வருவேன். உள்ளே எங்கேயாவது ஒரு பக்கத்தில் சிவப்பு நூல் துண்டு இருக்கும். குடியாத்தத்திலும் அவள் பீடிதான் சுற்றினாள். அந்தப் பக்கத்தை நான் இரண்டு தடவை படிப்பேன். நூல் மறந்துபோய் விட்டதா, வேண்டும் என்றே வைத்ததா என்று கடைசிவரை கேட்கவில்லை. நானும் படித்து முடித்து, எனக்குப் பிடித்த பக்கத்தில் தையல் நூல் ஒன்றை வைத்துத் திருப்பிக் கொடுப்பேன். இரண்டு வருஷம் இப்படியே போனது.

ஒரு வாடகை லைப்ரரி இதையெல்லாம் செய்யவேண்டும் என்று சட்டம் இல்லை. ஒரு எண்ணுக்கு ஒரு ஆள் என்று கடைக்காரம்மா கறாராக இருந்திருந்தால் அட்டையே இரண்டாகப் போயிருக்கும். தனி அட்டை போட்டால் அவருக்கு இன்னொரு முன்பணமும் கிடைத்திருக்கும். அவர் கேட்கவில்லை. எங்களுக்குள் பேச்சு இல்லை என்று அவருக்குத் தெரியும் என்பதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஜன்னல் தட்டில் ஒரு புத்தகம் இருக்கிறது, பழுப்பு அட்டை, காலிகோ பைண்டிங், முதுகில் பச்சைத் துணி. மணையில் ஆள் மாறுகிற கதைதான், ஆனால் முந்தின ராத்திரியை எழுதியிருக்கிற கதை. பைண்டிங் செய்தபோது கடைசி பாரம் விட்டுப்போய்விட்டது. பாரம் என்றால் பதினாறு பக்கம். திரும்பி வந்த அக்கா தங்கை வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள், தங்கை கதவைத் திறக்கிறாள், அதோடு புத்தகம் முடிந்துவிடும். எடுத்துப்போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்து சண்டை போடுவார்களாம். அந்தக் கதையைப் பத்திரிகையோடு வந்தபோதே முழுசாகப் படித்தவள் எங்க அக்கா. "நீதான் படிச்சிருக்கியே, முடிவை எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்று கடைக்காரம்மா அவளுக்குக் கோடு போட்ட தாள் நாலு கொடுத்திருக்கிறார். அக்கா அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நீலப் பேனாவில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கடைக்காரம்மா மைதா பசை தடவி ஒட்டிவிட்டார்.

எனக்கு அது தெரியாது. 1999 கார்த்திகையில், நான் கேட்காமலே, கடைக்காரம்மா அந்தப் புத்தகத்தை எடுத்துத் தந்தார். கடைசியில் தாளைத் திருப்பியதும் அக்கா கையெழுத்து. "ழ"வுக்கு வால் நீளமாக இழுப்பாள், வேறு யாரும் அப்படி எழுதமாட்டார்கள். அவள் எழுதிய முடிவில், கதவு திறந்ததும் அக்கா உள்ளே வருகிறாள். அழவில்லை. காலில் விழவில்லை. நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்த்து, "என்ன குழம்பு வெச்சே?" என்று கேட்கிறாள். தங்கை, "முள்ளுக் கத்திரிக்காய்" என்கிறாள். "உப்பு தூக்கலாத்தான் இருக்கும், போடு" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உட்காருகிறாள். அப்புறம் நாலு வரியில், தரகர் எப்படி நின்றார், எந்தக் கையில் குடை வைத்திருந்தார், எந்த வார்த்தை சொன்னார் என்று அந்த அக்கா சொல்லச் சொல்லத் தங்கை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அந்தக் கதையில் தரகரே கிடையாது.

சில வருஷம் கழித்து அதே கதையின் முழுப் பிரதி வேறொரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. அச்சில் இருக்கிற முடிவு வேறு. அதில் அக்கா காலில் விழுகிறாள், தங்கை தூக்கி அணைக்கிறாள், கதாநாயகன் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கிறான், சுபம். எங்க அக்கா எழுதியது எதுவும் அதில் இல்லை. மறந்துபோய் மாற்றி எழுதுகிறவள் இல்லை அவள். ஒரு தடவை படித்ததை வரி மாறாமல் சொல்லக்கூடியவள்.

அக்கா எழுதிய முடிவைப் படித்ததும் நான் என்ன செய்தேன் என்றால், அவள் வருகிற அடுத்த சனிக்கிழமை தையல் வகுப்புக்குப் போகவில்லை. காலையில் மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் அரைக் கிலோ வாங்கிவந்து குழம்பு வைத்தேன். அக்கா பதினோரு மணிக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். மற்றது எங்கள் இரண்டு பேருக்குள்.

கடைக்குத் திரும்புகிறேன். குறைகள் இருக்கின்றன. படி ரொம்ப நெட்டு, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. முட்டி வலி இருக்கிறவர்கள் கீழே பாத்திரக்கடைப் பையனிடம் சொன்னால் அவன் மேலே போய் மாற்றிக்கொண்டு வந்து தருவான், ஆனால் எப்போதும் அவன் இருப்பான் என்று சொல்ல முடியாது. மேலே சிமெண்ட் ஷீட் கூரை. சித்திரை வைகாசியில் மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் உள்ளே நிற்க முடியாது, ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் மேசைப் பக்கம். வெயில் காலத்தில் சாயந்திரமாகப் போங்கள். போன் எடுக்கமாட்டார்கள். புதுப் புத்தகம் வருவது குறைந்துவிட்டது. போன வருஷம் முழுக்கப் புதிதாக வந்தது ஐம்பதுகூட இருக்காது. இப்போது வருகிற புத்தகங்கள் 400 பக்கம், 400 ரூபாய் என்று வருவதால் வாடகையே 40 ஆகிவிடுகிறது, மாதம் நாலு எடுத்தால் கணக்கு எங்கேயோ போகிறது. பழைய மாத நாவல்களுக்கு இன்னும் ஐந்து ரூபாய்தான். பட்ஜெட் பார்க்கிறவர்கள் அந்தப் பக்கம் போகலாம். தாள் பழுத்து ஓரம் உதிரும், மடக்காமல் படிக்கவேண்டும். கண்ணாடி போட்டவர்களுக்கு எழுத்து சின்னது.

பூச்சி கிடையாது. ஒவ்வொரு தட்டிலும் வேப்பிலைச் சருகு போட்டிருக்கிறார். புத்தகத்தைத் திறந்தால் அந்த வாசனைதான் முதலில் வரும்.

புதிதாகச் சேருகிறவர்கள் போய் நின்றதும் "என்ன புத்தகம் வேணும்?" என்று அவர் கேட்கமாட்டார். "கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்?" என்று கேட்பார். பலர் முகத்தைச் சுளிக்கிறார்கள், இது எதற்கு இவருக்கு என்று. சொல்லிவிடுங்கள். பெரியவளா சின்னவளா, பேச்சு இருக்கிறதா இல்லையா, அதையும் சொல்லிவிடுங்கள். அதை வைத்துத்தான் முதல் புத்தகத்தை எடுப்பார். அன்று ஜாக்கெட் தைக்க வந்த பொண்ணு போய்விட்டு வந்து, அவளுக்கு என்ன கொடுத்தார் என்று என்னிடம் சொன்னாள். அவளுக்கு அண்ணன் மட்டும்தான், பெங்களூரில் இருக்கிறான். கொடுத்ததும் அண்ணன் கதைதான், அடிக்காத அண்ணன்.

பச்சைத் துணி ஒட்டிய அந்தப் புத்தகம் இன்னும் அதே தட்டில், இடது ஓரத்தில் இருக்கிறது. ஒட்டிய தாள் நாலும் பிரிந்துவிடாமல் இருக்க ஓரத்தில் நான் கையால் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அதை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கொடுப்பதில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்டூலில் உட்கார்ந்து படித்துவிட்டு வைத்துவிடவேண்டும். அதற்கு வாடகை வாங்குவதில்லை.